விருந்து மேசைக்கு வரும் 'குச்சி' காளான்: இமயமலைக் காடுகளில் உயிரைப் பணயம் வைக்கும் கிராம மக்கள்

புது தில்லி: ரஷிய அதிபர் விளாதிமிர் புதினுக்குக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2025 டிசம்பர் 5-ஆம் தேதி அளித்த அரசு விருந்தில், தென்னிந்திய முருங்கையிலைச் சாற்றுடன் காஷ்மீரத்து 'குச்சி' காளானும் இடம்பெற்றது. தலைநகரின் உயர்தர உணவு விடுதிகளிலும் பெருமையுடன் பரிமாறப்படும் இக்காளானைக் காட்டிலிருந்து கொண்டுவருவோர் சந்திக்கும் ஆபத்துகள் வெளியுலகம் அதிகம் அறியாதவை.

ஜம்மு-காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளில் மார்ச் முதல் ஜூன் வரை, பனி உருகும் பருவத்தில் குச்சி முளைக்கிறது. தமிழ்ச் சொல்லான குச்சிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. தேன்கூட்டைப் போலக் குழி விழுந்த தலையுடைய இதன் அறிவியல் பேரினப் பெயர் மார்செல்லா. இடி இடித்தால் இது முளைக்கும் என்பது மலைவாழ் மக்களின் நம்பிக்கை. காட்டுத்தீ பரவிய இடங்களில் அடுத்த வசந்தத்தில் சில வகைகள் மிகுதியாக முளைப்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்துள்ளனர். ஆயினும் எந்த ஆண்டு எங்கே கிடைக்கும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது.

உலர்ந்த குச்சி கிலோ 10 ஆயிரம் ரூபாய்க்கும் அதிகமாக விற்கிறது. தில்லி காரி பாவ்லி சந்தையை எட்டும்போது விலை மேலும் பன்மடங்காகிறது. ஒரு கிலோ உலர்ந்த காளானுக்குச் சுமார் 10 கிலோ பச்சைக் காளான் தேவை. ஒன்றிரண்டாக இலைச்சருகுகளுக்குள் மறைந்திருப்பதை நாள் முழுவதும் குனிந்து தேடியே சேர்க்க வேண்டும்.

ரகசியமே ஆபத்து

குச்சி கிடைக்கும் இடத்தை ஒருவர் மற்றவரிடம் சொல்வதில்லை. விடியும் முன்பே தனியாகக் கிளம்புவோர் பலர். ஈரமான ஊசியிலைகள் படிந்த செங்குத்துச் சரிவில் கால் வழுக்கினால், அவர் எந்தத் திசையில் சென்றார் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் திடீரெனப் பெய்யும் ஆலங்கட்டி மழையும் மின்னலும் மற்றோர் அச்சுறுத்தல்.

குளிர்கால உறக்கம் முடிந்து இமாலயக் கருங்கரடிகள் இரை தேடி வெளிவருவதும் இதே பருவத்தில்தான். தரையிலேயே கண் பதித்து ஓசையின்றி நடப்பவர், கரடி மிக அருகில் வந்த பிறகே அதைக் காண நேரிடுகிறது.

வனவிலங்கு தாக்கி உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய் கருணைத் தொகை என 2023 டிசம்பரில் மத்திய அரசின் திட்ட வரம்பு உயர்த்தப்பட்டது. பாறையிலிருந்து விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இது பொருந்தாது.

சட்டம் சொல்வது என்ன?

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பாரம்பரிய வனவாசிகளுக்கு உரிமை அளிக்கிறது. மூங்கில், தேன், அரக்கு, பீடி இலை, மூலிகை, கிழங்கு ஆகியவை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. காளான் என்ற பெயர் இல்லை. 'தாவர வழிப்பட்ட' பொருள்கள் என்றே சட்டம் வரையறுக்கிறது. அறிவியல்படியோ காளான் தாவரம் அன்று. எனவே 'இவை போன்றவை' என்ற சொற்றொடரையே குச்சி நம்பியிருக்க வேண்டியுள்ளது.

இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திலுள்ள மகா இமாலய தேசியப் பூங்கா 1999-இல் முறையாக அறிவிக்கப்பட்டபோது, அதற்குள் குச்சியும் மூலிகையும் சேகரித்துவந்த கிராமத்தினரின் உரிமை முடிவுக்கு வந்தது. பதிவேட்டில் உரிமை இருந்தவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. 2014-இல் இப்பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது என்பது குறிப்பிடத்தக்கது.

சமையலறையிலும் கவனம்

ஆபத்து காட்டுடன் முடிவதில்லை. குச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 2023-இல் ஓர் உணவகத்தில் இவ்வகைக் காளானை உண்ட 51 பேர் நோயுற்றனர். அவர்களில் இருவர் உயிரிழந்தனர். தோற்றத்தில் இதை ஒத்த நச்சுக் காளானும் உண்டு. அதன் தலை மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நெடுக்காக வெட்டினால் அசல் குச்சி தலை முதல் தண்டு வரை ஒரே வெற்றிடமாக இருக்கும். போலியின் உட்புறம் அவ்வாறு இராது.

சோலனில் உள்ள மத்திய அரசின் காளான் ஆராய்ச்சி இயக்ககம், குச்சியைச் செயற்கையாக வளர்ப்பதில் வெற்றி கண்டதாக 2021-இல் தெரிவித்தது. சீனாவில் இது ஏற்கெனவே பெருமளவில் பயிரிடப்படுகிறது. பண்ணைக் காளான் இங்கும் பெருகினால் மலையேறும் ஆபத்து குறையும். ஆனால் நிலமும் முதலீடும் இல்லாத மலைக் குடும்பங்களின் வருமானமும் குறையக் கூடும்.

அதுவரை, இருவர் மூவராகச் செல்வதும், போகும் திசையை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவதும், அவ்வப்போது குரல் கொடுத்தபடி நடப்பதுமே இம்மக்களுக்குச் செலவில்லாத பாதுகாப்பு. சேகரிப்பவரின் உரிமையைச் சட்டத்தில் ஐயமின்றிப் பதிவு செய்வதும், விபத்தில் சிக்குவோரின் குடும்பத்துக்கு உதவ வழி காண்பதும் அரசின் கையில் உள்ளன.