இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய்

செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். இங்கேயே வாழும் நாங்கள், இருட்டிய பிறகு தரையைப் பார்த்தே நடக்கிறோம். குன்றுகளின் அடிவாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. விளைச்சலைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிலத்தில் கடலை பறிக்க வந்த ஒரு பெண்ணை அந்தி நேரத்தில் விரியன் தீண்டியது. காலைக் கயிற்றால் இறுகக் கட்டி, வேர் கொடுப்பவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அங்கே இரண்டு மணி நேரம் வீணாயிற்று. நான் அருகில் இருந்தும் தடுக்கவில்லை. பிறகு மருத்துவமனையில் மருத்துவர் அவரது ரத்தத்தில் சிறிதளவு எடுத்து, கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, அசைக்காமல் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர்போல் வழிந்தது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டது.

ரத்தம் ஏன் உறையவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் பொருளியல் படித்தவன், மருத்துவம் அறியாதவன். ஆனால், சீரற்ற இதயத் துடிப்புக்காக நானே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவன். ஆகவே, தேடிப் படித்தேன்.

நம் உடலில் ரத்தம் இரண்டு கடமைகளைச் செய்தாக வேண்டும். குழாய்க்குள் தடையின்றி ஓட வேண்டும். காயம் பட்ட இடத்தில் உடனே உறைய வேண்டும். காயம் ஏற்பட்டதும் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. அதே நேரத்தில் ரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் உறைவுக் காரணிகள் ஒன்றை ஒன்று எழுப்புகின்றன. முடிவில் திராம்பின் என்ற நொதி உருவாகி, கரைந்த நிலையில் உள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன.

இந்தச் சங்கிலி கட்டுக்கடங்காமல் ஓடினால் உடல் முழுவதும் ரத்தம் உறைந்துவிடும். ஆகவே, ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் ஆகியவை கடிவாளமாக நிற்கின்றன. காயம் ஆறத் தொடங்கியதும் பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் வலையை அறுத்துக் கரைக்கிறது. கட்டுவதும் கரைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வரவும் செலவும் ஈடாக இருக்கும்வரை நாம் நலமாக இருக்கிறோம். கட்டுவது மிகுந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். கரைப்பது மிகுந்தால் ரத்தக் கசிவு உண்டாகும்.

கண்ணாடி விரியனின் விஷம் இந்தக் கணக்கைத்தான் குலைக்கிறது. அது ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில்லை, உறையத் தூண்டுகிறது. பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரடியாக முடுக்கிவிடுகிறது. காயமே இல்லாத இடங்களில் உறைதல் தொடங்கி, ஃபைப்ரினோஜன் கையிருப்பு தீர்ந்துபோகிறது. மருத்துவர்கள் இதை 'நுகர்வு' என்றே குறிப்பிடுகிறார்கள். என் துறைச் சொல்லை அங்கே கண்டு திகைத்தேன். முதல் போட்டவன் அளவுக்கு மீறிச் செலவழித்துத் திவாலாவதைப்போல, அளவுக்கு மீறி உறைந்த ரத்தம் உறைய இயலாததாகிறது.

இந்த ஆற்றலை மருத்துவம் பயன்படுத்தவும் செய்தது. 1934-இல் லண்டனில் மக்ஃபார்லேன், பர்னெட் என்ற இருவர், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் கசிவை நிறுத்த இந்த விரியனின் விஷத்தைக் காயத்தின்மேல் இடலாம் எனக் காட்டினர். அதே மக்ஃபார்லேன்தான் 1964-இல் உறைதலின் சங்கிலித் தொடரை விளக்கினார். ரத்தக் குழாய்களில் தேவையின்றி உறைகட்டி உண்டாகும் ஒருவகைக் கோளாறைக் கண்டறிய, நீர்த்த விரியன் விஷம் இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

உறைதலை அளக்கப் பல சோதனைகள் உண்டு. நான் அவ்வப்போது செய்துகொள்ளும் 'ஐ.என்.ஆர்.' அவற்றில் ஒன்று. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேதிப்பொருள் மாறுபடுவதால், வெவ்வேறு நாணயங்களை ஒரே மதிப்புக்கு மாற்றுவதுபோல முடிவைப் பொது அளவுக்கு மாற்றித் தருவதே அது. நலமானவருக்கு ஏறத்தாழ 1. எனக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். 'டி-டைமர்' சோதனை, கரைந்த ஃபைப்ரினின் துணுக்குகளை அளந்து, உடலில் எங்கோ உறைகட்டி உண்டாகிக் கரைந்திருப்பதைச் சொல்கிறது.

இவற்றுக்கெல்லாம் கருவியும் ஆய்வகமும் வேண்டும். இருபது நிமிடச் சோதனைக்கோ புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் கொண்டு கழுவிய குழாயிலோ செய்தால் முடிவு பிழையாகும். தீண்டியவுடன் செய்த சோதனையில் ரத்தம் உறைந்தாலும் நிம்மதி கொள்ளலாகாது. மீண்டும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை என்பதால், அவற்றின் கடியை இச்சோதனை காட்டாது. மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்வார்கள். கல்லீரல் புதிய காரணிகளை உண்டாக்க அவ்வளவு நேரம் தேவை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். 2024-இல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இவை வரவேற்கத்தக்கவை. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆனால், மருந்து நாட்டில் இருப்பதும் நோயாளியை நேரத்தில் சேர்வதும் வேறு வேறு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விஷமுறிவு மருந்தோடு கண்ணாடிக் குழாய்களும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஊழியரும் எந்நேரமும் இருக்க வேண்டும். கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழை என்பதைப் பள்ளிக் குழந்தையும் சொல்லப் பழக வேண்டும்.

அந்தப் பெண் பிழைத்தார். ஆனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பல வாரங்கள் டயாலிசிஸ் செய்யப்பட்டது. குடும்பம் இரண்டு மாடுகளை விற்றது. மூத்த மகள் படிப்பை நிறுத்தினாள். வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் செலவு-பயன் கணக்கு நடத்தியவன் நான். இருபது நிமிடத்தில் உண்மையைச் சொல்லும் குழாய் சில ரூபாய்தான். என் கண் முன்னே வீணான இரண்டு மணி நேரத்தின் விலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).