புரையிடம் இல்லாதவனுக்கு வீடு ஏது?

நாஞ்சில் நாட்டிலே ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய அதன் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுவதில்லை. குடியிருக்கும் புரையிடம் எத்தனை சென்ட், அதன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வினவினால் போதும். புறம்போக்கிலே ஓலைப்புரை கட்டி மூன்று தலைமுறையாக வாழ்பவன், அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கிறான். அவன் வரி கொடுக்கிறான், வாக்களிக்கிறான். ஆயினும் சர்க்காரின் வீட்டுத் திட்டங்கள் அவன் வாசலுக்கு வரும்போது கேட்கும் முதற் கேள்வியும் அதுவாகவே இருக்கிறது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி ஜில்லாவின் இயல்பை முதலில் கவனிப்போம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் இங்கே வசித்தார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் சராசரி 555தான். ஜில்லாவின் ஜனங்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார் என்று கணக்கு எழுதப்பட்டது. நாகர்கோவிலை நீக்கிப் பார்த்தால், இந்த ‘நகர்ப்புறம்’ என்பது பெரும்பாலும் சிறு சிறு பேரூராட்சிகளே. ஒரு பக்கம் ஏலா, மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவே ஒரு சந்தையும் பஸ் நிலையமும். இதற்குப் பெயர் நகரம். பெயரைப் பற்றி நமக்கு வழக்கில்லை. அந்தப் பெயரினால் விளையும் நஷ்டத்தைப் பற்றியே பேசுகிறோம்.

கிராம ஊராட்சியில் வாழும் குடிசைவாசிக்கு, மாநில சர்க்கார் 2024இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தின்படி 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பேரூராட்சி எல்லைக்குள் வாழ்பவன் பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தையே நம்ப வேண்டும். 2015இல் தொடங்கிய அதன் முதற் கட்டத்திலே, சொந்த மனையில் தானே கட்டிக்கொள்வோருக்கு இந்திய சர்க்கார் 1.50 லட்சமும் தமிழ்நாடு சர்க்கார் 60,000மும் ஆக 2.10 லட்சம் கொடுத்தன. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மாநிலத்தின் பங்கு குறைந்தது ஒரு லட்சம் என விதித்தார்கள்; ஆக 2.50 லட்சம். செங்கல்லும் சிமெண்டும் ஊராட்சிக்கு ஒரு விலை, பேரூராட்சிக்கு ஒரு விலை என்று விற்பதில்லை. கொத்தனாரும் எல்லைக்கல்லைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 300 சதுர அடிக்கு 6 லட்சம் ஆகிறது. எஞ்சிய மூன்றரை லட்சத்துக்கு ஏழை எங்கே போவான்?

அந்த உதவித் தொகையும் மொத்தமாகக் கைக்கு வருவதன்று. கட்டடம் எழுவதைப் பார்த்துத் தவணை தவணையாக வருவது. பொது ஜனப் பணத்துக்கு அந்தக் காவல் அவசியமே. ஆனால் முதல் தவணை பெறுவதற்கு முன் வானம் தோண்ட வேண்டும், கல்லிட வேண்டும். கையில் முதல் இல்லாதவன் வட்டிக்கடையை நாடுகிறான். சர்க்கார் கொடுக்கும் கொடையின் ஒரு பகுதி அவ்வழியே வட்டியாகப் போய்விடுகிறது.

இவை யாவினும் பெரிய தடை நிலம். நாஞ்சில் நாட்டிலே வீட்டைக் காட்டிலும் மனை அரிது. இவ்வுண்மையை நமக்குக் கடல் ஒரு தடவை கற்பித்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கரையூர்களைச் சூறையாடிய பின்னர், சர்க்கார் நிலம் தர, தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டித் தருவதென 2005இல் ஏற்பாடாயிற்று. வீடு கட்டப் பணம் உலகெங்கிலுமிருந்து வந்தது. கடலுக்கு எட்டாத, ஆனால் வள்ளத்துக்கு எட்டும் நிலத்தைத் தேடுவதே பெரும்பாடாயிற்று.

அண்டை நாடாகிய கேரளம் இதை முன்பே உணர்ந்தது. 1972இல், அச்சுத மேனோன் மந்திரிசபையில் வீட்டு வசதி மந்திரியாக இருந்த எம். என். கோவிந்தன் நாயர் ‘லட்சம் வீடு’த் திட்டத்தை நடத்தினார். மனை தேடும் பொறுப்பைப் பஞ்சாயத்துகளே ஏற்றன. ஊர் ஜனங்கள் பொருளும் உழைப்பும் கொடுத்தார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. லட்சம் என்ற இலக்கு எட்டப்படவில்லை. பல இடங்களில் ஒரே சுவரைப் பங்கிட்ட இரட்டை வீடுகளாகக் கட்டியதால், பின்னால் வந்த தலைமுறை இடமின்றித் தவித்தது. எனினும், ஏழையின் மனைக்கு ஊரே ஜவாப்தாரி என்ற கொள்கையை அது நிலைநாட்டிற்று.

மேல்நாட்டு அனுபவமும் இதையே சொல்லுகிறது. இங்கிலாந்தில் 1903இல் தொடங்கிய லெட்ச்வொர்த் நகரத்தார், விளைநிலத்தை விளைநில விலைக்கே வாங்கி, மனையை விற்காமல் குத்தகைக்கு விட்டனர். ஊர் வளர வளர உயர்ந்த வாடகை ஊருக்கே பயன்பட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வியன்னா நகரசபை 1923இல் செல்வர் வீட்டுக்கு மிகுதியும் எளியவர் வீட்டுக்குக் குறைவுமாக ஒரு வீட்டு வரி விதித்து, 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. நமது பேரூராட்சி வியன்னா ஆகாது என்பதை அறிவோம். வீட்டு வரியில் ஒரு சிறு பங்கை வீடில்லாதவனுக்கென்று ஒதுக்க வியன்னாவின் செல்வம் வேண்டாம், மனம் வேண்டும்.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் எளியவை. முதலாவது, ஒவ்வொரு பேரூராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள புறம்போக்கையும் பயனற்றுக் கிடக்கும் சர்க்கார் நிலத்தையும் கணக்கெடுத்து, வீடில்லாதோர் பட்டியலோடு சேர்த்து ஊரறிய வெளியிட வேண்டும். நிலமற்றோருக்கு மாநில சர்க்கார் பட்டா கொடுத்து வீடு கட்டச் செய்யலாம் என்று இரண்டாம் கட்டத் திட்டமே இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நமது வார்டு உறுப்பினர்களே.

இரண்டாவது, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நலிந்த பிரிவினரின் மனைக்கு என்று 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் கூறுகின்றன. அதற்குக் குறைந்த பிரிவுகளுக்கு இக்கடமை இல்லை. அகலமான நிலம் அரிதான இந்த ஜில்லாவுக்கு அவ்வரம்பைத் தாழ்த்துவதே நியாயம்.

மூன்றாவது, கூட்டுறவு வங்கியும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து ஒரு சுழல்நிதி ஏற்படுத்தி, தவணைக்கும் தவணைக்கும் இடையே குறைந்த வட்டிக்குக் கடன் தரலாம். தவணை வந்ததும் கடன் தீரும். அதே பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். நான்காவது, பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் உள்ள ஒரு லட்சம் ரூபாய் பேதத்தை மாநில சர்க்கார் நீக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏழைக்கு மனை என்ற பெயரால் ஏலாக்களை நிரத்தக் கூடாது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் நெல்லுக்காக வந்தது. வீட்டு வானத்துக்கு அன்று. தாழ்ந்த வயலில் கட்டிய வீடு, மழைக்காலத்தில் ஏழையைத்தான் முதலில் மூழ்கடிக்கும். மேட்டு விளைகளிலே, தேவையானால் மாடி வைத்துக் கட்டுவோம்.

வீடு கட்டித் தருவது சென்னையின் வேலை, டில்லியின் வேலை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பணம் அங்கிருந்து வரலாம். மண் இங்கேதான் இருக்கிறது. அந்த மண்ணில் யாருக்கு நான்கு சென்ட் இல்லை என்று அறிந்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினராவது எழுந்து அந்தப் பட்டியலைக் கேட்பாரா? கேட்பாராகில், ஓலைப்புரைக்குள் மழைநீரை ஏந்தச் சட்டி வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு அன்றே பாதி வீடு எழுந்துவிட்டது என்று நாம் கொள்வோம்.