தரங்கம்பாடியிற் சீகன்பால்கு

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை ஆராய்வோர் சீகன்பால்கு என்னும் யேர்மானியப் பாதிரியாரின் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது. அவர் அச்சேற்றிய நூல்களைப் பற்றிப் பலரும் அறிவர். ஆயின், தமிழில் ஓரெழுத்தும் அறியாது வந்திறங்கிய இளைஞர் ஒருவர் அந்நிய நகரில் எவ்வாறு நிலைகொண்டார், கற்பிக்க வந்தவர் எவ்வாறு முதற்கண் மாணாக்கராயினார் என்பன அத்துணை அறியப்படவில்லை. இவையே இக்கட்டுரையின் பொருளாகும்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682 ஆம் ஆண்டிற் சக்சனி நாட்டுப் புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரிற் சமயக் கல்வி பயிலுங்காலத்து உடல் நலிவு அவரை இடையிடையே வருத்திற்று. அக்காலத்து டென்மார்க்கு மன்னராயிருந்த நான்காம் பிரடரிக், தமது ஆட்சிக்குட்பட்ட இந்தியத் துறைமுகத்துக்குச் சமய போதகரை அனுப்பத் துணிந்தார். அப்பணிக்கு யேர்மனியிலிருந்து சீகன்பால்கும், அவரினும் மூத்தவரான பிளுச்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பர் இறுதியிற் கொப்பன்கேகனை விட்டு நீங்கிய கப்பல் 1706 யூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. அப்பொழுது சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ 24.

தரங்கம்பாடி டேனியர் கைப்பட்ட வரலாறு ஈழத்தோடும் சிறிது தொடர்புடையது. ஓவ் ஜெட்டே என்பார் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் கண்டியரசனோடு வாணிக உறவு கொள்ளும் நோக்கத்துடன் முதலில் இலங்கைக்கே வந்தன. அம்முயற்சி கைகூடாது போகவே, 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்றுத் தரங்கம்பாடியிற் கோட்டை அமைத்தனர். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையில் நாயக்கராட்சி ஒழிந்து மராத்தியர் ஆட்சி நடைபெற்றது. நகரிலோ கடலை நோக்கிய டேன்ஸ்போர்க் கோட்டையும், டேனியர்க்குரிய தேவாலயமும், 1306 இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலும், முஸ்லிம்களின் பள்ளிவாசலும் அருகருகே விளங்கின.

வந்தோர்க்கு வரவேற்பு இனிதாக அமையவில்லை. அரசர் விரும்பியதைக் கும்பனியார் விரும்பினாரல்லர். வாணிகம் செய்யவந்த இடத்திற் சமய போதனை குழப்பத்தை விளைக்கும் என அவர்கள் அஞ்சினர். கோட்டைத் தலைவராகிய ஹசியுஸ் என்பார், அரசரின் ஆணையோடு வந்த இவ்விருவரையும் ஐயக்கண் கொண்டே நோக்கினார். தம்மவர் எனக் கருதத்தக்க ஐரோப்பியரிடையே ஆதரவு குன்றிய நிலையில், இவர்கள் ஊர்மக்களையே நாடவேண்டியதாயிற்று.

ஊர்மக்களை நாடுதற்கு மொழி வேண்டும். அத்துறைமுகத்தில் ஐரோப்பியரும் அவர்தம் பணியாளரும் போத்துக்கேய மொழியிற் பேசிவந்தனர். எனவே அம்மொழியைக் கற்றாலே அன்றாட வாழ்வுக்குப் போதியதாகும். பிளுச்சோ அதனிற் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழைத் தேர்ந்தார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என வழங்கினர். அவர் கைக்கெட்டிய இலக்கணமோ அகராதியோ யாதும் இல்லை. ஆதலின் முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடாத்துமாறு வேண்டிக்கொண்டார். அங்கே சிறுவரோடு நிலத்தில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். ஹாலேயிற் கல்வி பயின்றவர், அரிச்சுவடி பயிலும் பாலகரோடு பாலகராக இருந்தமை எண்ணுதற்குரியது.

எழுத்துக் கைவந்தது, பொருள் விளங்கவில்லை. உபாத்தியாயர்க்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அக்குறையைத் தீர்த்தவர் அழகப்பன் என்னும் துபாசி. கும்பனியிற் பணியாற்றியிருந்த அவர் போத்துக்கேயம், டேனியம் முதலிய மொழிகளை அறிந்தவர். இவர்தம் துணையால் எட்டு மாதங்களுள் தமிழைப் படிக்கவும் எழுதவும் பேசவும் வல்லரானதாகச் சீகன்பால்கின் கடிதங்கள் உரைக்கின்றன.

அவர் நாளைப் பகுத்துக்கொண்ட முறையும் அக்கடிதங்களாற் புலனாகின்றது. காலை ஏழு மணி முதல் எட்டு வரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீட்டல். எட்டு முதற் பன்னிரண்டு வரை முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன்வைத்துப் புதிய ஏடுகளைப் படித்தல். பிற்பகலில் மீண்டும் படித்தல். இரவிற் கண்களுக்கு ஓய்வு வேண்டிப் பிறர் படிக்கக் கேட்டல். நல்ல நடையுடைய நூலொன்றை, அதில் அறியாத சொல் ஒன்றுமில்லை என்னுமளவும் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்தார். நாவில் தமிழ் படிந்ததற்கு இவ்விடையறாப் பயிற்சியே காரணமாகும்.

படிக்கப் படிக்க ஏடுகள் மேலும் வேண்டப்பட்டன. அயலூர்களுக்கு ஆளனுப்பி, இறந்த கற்றோரின் மனைவியரிடமிருந்தும் ஏடுகளை விலைக்கு வாங்குவித்தார். 1708 இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். அதனுள் தமிழ்ச் சமயத்தாரின் நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுட் சேர்ந்தவை. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்பவற்றை யேர்மன் மொழியிற் பெயர்த்தார். தமிழர் கல்வியும் ஒழுக்கமும் அற்ற மாக்கள் என ஐரோப்பியர் கருதுவது அவர்தம் மொழியை அறியாமையால் விளைந்த பிழை என்பது இப்பயிற்சியால் அவர் அடைந்த முடிபு.

இதனால் அவர் தம் சமயக் கொள்கையினின்றும் சிறிதும் நெகிழ்ந்தார் எனக் கொள்ளலாகாது. தமிழரின் வழிபாட்டை அவர் இறுதிவரை மறுத்தே எழுதினார். மதமாற்றமே அவர் வந்த நோக்கம். 1707 இல் அவர் முதன்முதல் ஞானஸ்நானம் அளித்தவர்கள் ஐரோப்பியரின் அடிமைகளாவர். அவ்வாண்டே தமிழர்க்கெனத் தேவாலயம் ஒன்றும் எழுந்தது. கோட்டைத் தலைவரோடு நேர்ந்த பிணக்கு முற்றி, 1708 இறுதி முதற் சுமார் நான்கு மாதம் அவர் சிறையிலும் இருந்தார். அவரைச் சிறையிட்டவர் தமிழர் அல்லர். அவருடைய சமயத்தையே சார்ந்த ஐரோப்பியர்.

விடுதலையின் பின்னர், முன்பே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711 இல் நிறைவேற்றினார். இங்கிலாந்திலிருந்து அச்சியந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழெழுத்துக்களும் வந்தன. அவ்வெழுத்துக்கள் அளவிற் பெரியனவாய்க் காகிதத்தை மிகுதியாக விழுங்கவே, சிறிய எழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டன. 1715 இல் புதிய ஏற்பாடு முற்றும் அச்சாயிற்று. தமிழில் முதல் அச்சுநூல் இதுவன்று. 1578 இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருந்தது. ஆயினும் இந்திய மொழியொன்றிற் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது இதுவே முதன்முறை. 1716 இல் இலத்தீனில் அவர் எழுதிய தமிழிலக்கணம் ஹாலேயில் வெளியாயிற்று.

1713 இல் அவர் எழுதிமுடித்த வேறொரு நூலின் கதை வேறு. தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றைத் தமிழேடுகளைக் கொண்டும் தமிழரிடம் கேட்டும் விரிவாகத் தொகுத்து ஹாலேக்கு அனுப்பினார். அங்கு அவர்தம் ஆசிரியராகிய பிராங்கே அதனை அச்சிட உடன்படவில்லை. பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 154 ஆண்டுகள் கழித்து 1867 இலேயே சென்னையில் அச்சேறியது. 1719 பெப்ரவரியில் தம் முப்பத்தாறாவது வயதில் தரங்கம்பாடியிற் காலமான சீகன்பால்கு அதனை அச்சிற் காணும் பேறு பெற்றிலர்.

ஒரு மக்களை மாற்றவேண்டுமென வந்தவர், அம்மக்களை அறியாமல் அதனைச் செய்ய இயலாதெனக் கண்டார். அறியத் தொடங்கியபின், தம்மை அனுப்பியோர் விரும்பிய அளவோடு அவ்வறிவு நின்றுவிடவில்லை. பிற்காலத்து யாழ்ப்பாணத்தில் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது ஆறுமுகநாவலரின் துணையை நாடினார். அப்பணியிற் பெற்ற விவிலிய அறிவு நாவலர்க்குச் சைவத்தின் பொருட்டு வாதிடுதற்கு உதவிற்று. சீகன்பால்கு திரட்டிய ஏடுகளும் எழுதிய குறிப்புகளும் அவ்வாறே அவர் கருதாத பயனையும் தந்தன. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு துறைமுகத்துத் தமிழர் எந்நூல்களைக் கையாண்டனர் என்பதை அறிய, அவர் வகுத்த அப்பட்டியலே இன்று ஆராய்ச்சியாளர்க்குச் சிறந்த சான்றாக உள்ளது.