ஏலத்துக்கு முந்திய விற்பனை: மலையகத்தில் காணித் தரகரின் வேலை

வங்கியில் ஈடு வைத்த வீட்டையோ காணியையோ, கடன் முழுவதையும் அடைக்கப் போதாத விலைக்கு, வங்கியின் சம்மதத்தோடு உரிமையாளரே விற்றுவிடுவதை அமெரிக்காவில் 'ஷோர்ட் சேல்' என்கிறார்கள். 2007இல் தொடங்கிய வீட்டுக்கடன் நெருக்கடியின்போது அங்கே இது தனியொரு தொழிலாகவே வளர்ந்தது. வங்கியோடு பேசி, விற்பவரின் வருமானக் கணக்கையும் கஷ்ட நிலையையும் எழுத்தில் காட்டி, விலைக்கு ஒப்புதல் வாங்கித் தருவதையே முழுநேர வேலையாகச் செய்த முகவர்கள் உருவானார்கள். இலங்கைச் சட்டத்தில் இந்தப் பெயரில் எதுவும் இல்லை. ஆனால் காரியம் நடக்கிறது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ஒரு விருந்தினர் விடுதியோ, கடைக் கட்டடமோ, மரக்கறித் தோட்டமோ ஏலத்துக்குப் போவதற்கு முன், வங்கி முகாமையாளரின் மேசைக்கும் காணிப் பதிவகத்துக்கும் நடையாய் நடந்து அதை விற்றுக்கொடுக்கும் தரகர் செய்வது அதே வேலைதான்.

மலைநாட்டில் கடன்கள் முறிந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. ஏப்ரல் வசந்த காலத்தை நம்பிக் கடன் எடுத்து அறைகள் கட்டியவர்களை 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் முதலில் தாக்கின. அடுத்த ஆண்டு கொரோனா. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை, கந்தப்பளை, ராகலைப் பக்கத்து உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் விவசாயிகளின் கையை முறித்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை, வருமானம் மிகக் குறைந்திருந்த நேரத்தில் ஏறியது. பலருடைய கடனில் முதலைவிட வட்டியும் தண்டவட்டியும் வேகமாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

கடனுக்காகக் காணி கைமாறுவது இந்த மலைகளுக்குப் பழைய கதை. 1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை விழுந்தபோது, பல தோட்டங்கள் போட்ட பணத்தின் சிறு பங்குக்கே விலைபோயின. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பியையே அழித்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் மூடப்பட்டது. தனித் துரைமார் பலர் வெளியேற, கடன் கொடுத்த முகவர் நிறுவனங்களும் இலண்டன் கம்பனிகளும் காணிகளை எடுத்துக்கொண்டன. தேயிலை இப்படிக் கைமாறிய நிலத்தில்தான் பரவியது. அதன் செழிப்பில், 1888இல், ஹட்டன் நகரில் தொடங்கிய சிறிய வங்கியே இன்று ஹட்டன் நஷனல் வங்கியாக நாடெங்கும் இருக்கிறது. அந்தக் கைமாற்றங்களில் நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் எந்த உறுதியிலும் ஏறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் விளைவு இன்றைய தரகரின் தொழிலிலும் தெரிகிறது.

இன்றைய ஏலத்துக்கு அடிப்படை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். வங்கிகள் கடன்களை அறவிடுவதற்கான இந்தச் சிறப்பேற்பாட்டைப் பொதுவாகப் 'பராட்டே' என்பார்கள். கடன் தவறினால், வங்கி நீதிமன்றம் போகாமலே, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுக் காணியைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியாக வேண்டும். ஏல நாள், நேரம், இடம் பற்றிய அறிவித்தல் குறைந்தது 14 நாட்களுக்கு முன் வர்த்தமானியில் வர வேண்டும். ஏல நாளுக்கு முன் நிலுவையையும் செலவையும் முழுதாகச் செலுத்தினால் ஏலம் நிற்கும். முதற்கடன் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது என்று 2011இல் திருத்தம் வந்தது. அத்தகைய சிறு கடன்களுக்கு வங்கி வழக்குப் போட்டே அறவிட வேண்டும். பொருளாதார நெருக்கடிக்குப் பின் சிறு, நடுத்தரத் தொழில்முயற்சியாளர்களின் கோரிக்கையால் பராட்டே அதிகாரம் 2024 டிசம்பர் 15 வரை இடைநிறுத்தப்பட்டு, பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி ஆள் பார்த்து விற்றவர்களும் உண்டு. கடன் தானாகக் கரையும் என்று காத்திருந்தவர்களின் கணக்கில் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

தரகருக்குரிய காலம், தவணை தவறியதற்கும் அந்தத் தீர்மானம் பத்திரிகையில் வருவதற்கும் இடைப்பட்ட மாதங்கள். தீர்மானம் வெளிவருமுன் சொத்து சாதாரணச் சந்தையில் நிற்கிறது. அறிவித்தல் வந்தபின் வாங்க வருபவர் ஏல விலையை மனதில் வைத்தே பேசுவார். சிறிய ஊரில் செய்தி ஒரே நாளில் பரவிவிடும். ஆகவே நல்ல தரகர் முதலில் கேட்பது விலையை அல்ல, வங்கியிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தை.

அடுத்த கேள்வி, இது என்ன காணி என்பது. மலையகத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நகர எல்லைக்குள் தனியார் உறுதியுள்ள சின்னக்கரக் காணி என்றால் விற்பனைக்குப் பெரிய தடை இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணியை விற்கவே முடியாது. வாய்ப்பேச்சை நம்பி அத்தகைய காணிக்கு முற்பணம் கொடுத்தவர்கள் பின்னர் பதிவகத்தில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

பெருந்தோட்ட நிலம் வேறு வகை. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் குத்தகையிலேயே இருக்கிறது. எனவே பொகவந்தலாவையிலோ டயகமவிலோ நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு ஈடு வைக்கவும் விற்கவும் கையில் எதுவும் கிடையாது. வங்கிக் கடனில் வீடு போகும் ஆபத்து அவர்களுக்கு இல்லை. வீட்டைக் காட்டி வங்கிக் கடன் எடுக்கும் வழியும் இல்லை. கடன் தேவைப்பட்டால் நகைதான் அடகுக் கடைக்குப் போகும். 7 பேர்ச்சஸ் காணியோடு கட்டப்பட்ட தனிவீடுகளும், இந்திய உதவியில் திட்டமிடப்பட்ட 14,000 வீடுகளும் இந்த நிலையைச் சிறிதளவே மாற்றியிருக்கின்றன. அப்படிக் கிடைத்த உறுதியோடு ஒருவர் வந்தால், அதில் கைமாற்றம் குறித்த நிபந்தனை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாக வாசிக்காமல் தரகர் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் முதன்முதலாகப் பெற்ற நிலம் அது. அதை விற்கச் சொல்வது எளிது, மீண்டும் வாங்கிக் கொடுக்க எவராலும் முடியாது.

காணியின் வகை தெளிவானபின் பத்திரங்கள். பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுக்கான பதிவுகளைத் தேடி, வேறு ஈடு, வழக்கு, கைப்பற்றல் எதுவும் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நில அளவைப் படம், உள்ளூராட்சி மன்ற வரி, கட்டட அனுமதி எல்லாம் கேட்கப்படும். சரிவான நிலமென்றால் மண்சரிவு அபாயம் பற்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் வாங்குபவர் இப்போது விலைக்கு முன்பே இதைத்தான் கேட்கிறார், கேட்கவும் வேண்டும்.

பிறகு மதிப்பீடு. வங்கியின் மதிப்பீட்டாளர் இரண்டு தொகை எழுதுவார்: திறந்த சந்தைப் பெறுமதி ஒன்று, அவசரத்தில் விற்றால் கிடைக்கும் கட்டாய விற்பனைப் பெறுமதி மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு விலையை வாங்குபவரிடமிருந்து எழுத்தில் பெற்று, ஏலத்தில் கிடைப்பதைவிட இதுவே வங்கிக்கும் இலாபம் என்று நிறுவுவதுதான் தரகரின் திறமை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: முதல் 230 இலட்சம், வட்டி 50 இலட்சம், தண்டவட்டி 30 இலட்சம், மொத்தக் கடன் 310 இலட்சம். சந்தைப் பெறுமதி 300, கட்டாய விற்பனைப் பெறுமதி 240. ஏலத்தில் 240க்குப் போனால் 70 இலட்சமும் ஏலச் செலவும் கடனாளியின் தலையில் நிற்கும். அதற்காக வங்கி வழக்கும் போடலாம். தரகர் 280க்கு ஆள் கொண்டுவந்து, வங்கி தண்டவட்டியை விட்டுக்கொடுத்தால், நூற்றுக்கு 3 கமிஷன் போக வங்கிக்கு 271.6 இலட்சம் சேரும். மீதி 8.4 இலட்சம். அதைத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டு குடும்பம் வெளியே வரலாம். இலங்கை வங்கிகள் வட்டியில் இறங்கி வந்தாலும் முதல் தொகையில் இறங்கி வருவது அரிது. கேட்க வேண்டியதைத் தெரிந்து கேட்பவருக்கே கிடைக்கும். 2024இல் மத்திய வங்கியின் வழிகாட்டலில் வங்கிகள் அமைத்த தொழில் மீளெழுச்சிப் பிரிவுகள் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒரு வாசல்.

வங்கியின் சம்மதக் கடிதத்தில் கடைசி வரிதான் முக்கியம்: பணம் வந்ததும் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படுமா, மீதிக்கு உரிமை வைத்துக்கொள்ளப்படுமா? கலிபோர்னியா மாநிலம் 2011இல், குடியிருப்பு வீடுகளை இவ்வாறு விற்றபின் மீதித் தொகையைக் கேட்கக் கூடாது என்று சட்டமே போட்டது. இலங்கையில் அத்தகைய பாதுகாப்பு இல்லாததால், கடிதத்தில் எழுதப்பட்டதுதான் பாதுகாப்பு. முகாமையாளர் வாயால் சொன்னது, அவர் இடமாற்றம் பெற்ற மறுநாள் செல்லாது.

கைமாற்றம் ஒரே நாளில், பெரும்பாலும் வங்கியிலேயே நடக்க வேண்டும். வாங்குபவரின் காசோலை நேராக வங்கிக்குப் போகும். வங்கி ஈட்டை விடுவிக்கும் உறுதியில் கையெழுத்திடும். அதன்பின் விற்பவர் அறுதி உறுதியில் கையெழுத்திடுவார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனைக்குச் சட்டத்தில் வலுவில்லை. பதிவகத்தில் ஈட்டு விடுதலை முதலிலும் அறுதி அடுத்தும் பதியப்பட வேண்டும். முத்திரை வரியை வாங்குபவர் கட்டுவது வழக்கம். முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4. மூலதன ஆதாய வரி விற்பவருடையது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசும் தரகர் விற்பவரைப் புதிய கடனில் தள்ளுகிறார்.

அமெரிக்காவில் முகவராக இருக்கத் தேர்வு எழுதி மாநில உரிமம் பெற வேண்டும். இங்கே காணித் தரகுக்கு அப்படியொரு தேர்வு இல்லை. தொலைபேசியும் நாலு பேர் பழக்கமும் உள்ள எவரும் தரகராகலாம். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் மட்டும், வாங்குபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் கடமையை வீடு காணி முகவர்கள் மேல் வைத்திருக்கிறது. கட்டுப்பாடு இவ்வளவு தளர்வாக இருப்பது பெரிய குறை. கடன்பட்டவரின் அவசரம் தெரிந்த ஒரே ஆள் தரகர். விலையை இறக்கி உறவினர் பெயரில் தானே வாங்கிக்கொள்ள விரும்பினால் அவரைத் தடுக்க இங்கே எந்தத் தொழில் ஒழுக்கக் குழுவும் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது நிபந்தனை உறுதி. வங்கிக் கடனை அடைக்கவென்று தனியாரிடம் பணம் வாங்கி, குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும் என்ற நிபந்தனையோடு அறுதியே எழுதிக் கொடுப்பது இது. கடன் வாங்குபவர் அதை ஈடு என்று நினைக்கிறார், பத்திரம் அதை விற்பனை என்கிறது. தவணை கடந்ததும் கோடி பெறுமதியான காணி சில இலட்சத்துக்குப் போய்விடும். நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்தில் மீட்க வழியுண்டு, ஆனால் அதற்கு ஆண்டுகளும் பணமும் வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்யும் தரகரிடமிருந்து அன்றைக்கே விலகுவது நல்லது.

விற்பனை முடிந்தாலும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், ஊரார் சொல்வதுபோல் 'கிரிப்பில்', தவறிய தவணைகளின் தடம் சில காலம் நிற்கும். தீர்ந்த கணக்குக்கான கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்கி, அறிக்கை திருத்தப்பட்டதா என்று பார்ப்பது வரை தரகரின் வேலை நீள வேண்டும். கமிஷன் கைக்கு வந்ததும் பலர் இந்த இடத்தில் காணாமல் போகிறார்கள்.

மலையகத்தில் உறுதிகள் பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. அவற்றின் பொருளை விளக்கிச் சொல்லும் கடமை நொத்தாரிசுக்கு உண்டு. புரியவில்லை என்று சொல்லி, தமிழில் கேட்டு அறிந்தபின்தான் கையெழுத்திட வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவச ஆலோசனை பெறலாம். தவணை இரண்டு தவறியிருக்கும் எவரும் பத்திரிகையில் பெயர் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே வங்கிக்குப் போய் நிலுவையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.