கோ. முருகனும் கு. முருகனும் ஒரே ஆளா?

ஆரணியில் இருக்கிற ஒரு நண்பர் கைத்தறி நெசவாளர் லிஸ்ட் ஒன்றை அனுப்பினார். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரத்துக்கு யார் யார் விண்ணப்பிக்கணும்னு பார்க்க. பெயர், தெரு, பின்கோடு, போன் எல்லாம் ஒரே செல்லில்:

"கோ. முருகன், பெரிய தெரு, ஆரணி 632 301, போன்..."

அவரே பிரித்து, டூப்ளிகேட்டையும் நீக்கியிருந்தார். 214 வரிசை 207 ஆகிவிட்டது. அந்த ஏழும் டூப்ளிகேட் இல்லை, ஆளுங்க.

காரணம் இதுதான். இனிஷியலை எடுக்க, இடப்பக்கம் முதல் ஒரு எழுத்தை எடுக்கும் 'லெஃப்ட்' ஃபங்க்‌ஷனைப் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் சரியா வரும். ஆனா யூனிகோடில் 'கோ' என்பது ஒரு எழுத்து இல்லை. 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'கு'வும் அப்படியே. முதல் ஒன்றை மட்டும் வெட்டினால் எல்லாமே 'க'. ஒரே தெருவில் இருக்கிற கோ. முருகனும் கு. முருகனும் ஒரே ஆளாகிட்டாங்க. நீக்கப்பட்டவருக்கு மின்சார சலுகை போயிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது.

கூகுள் ஷீட்ஸில் நான் இப்போ செய்யும் வரிசை:

1. மூல காலத்தைத் தொடவே கூடாது. பக்கத்தில் ஒரு வரிசை எண் போட்டுட்டு, வேலையெல்லாம் நகலில்தான்.

2. வெப்பேஜிலிருந்து காப்பி செய்ததில் சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும் 160-ம் எண் கேரக்டர் வரும். 'ட்ரிம்' அதை நீக்காது. முதலில் 'சப்ஸ்டிடியூட்' போட்டு அதைச் சாதாரண இடைவெளியாக்கி, பிறகு ட்ரிம்.

3. வடிவம் உறுதியானதை முதலில் உருவுங்க. போன் என்றால் பத்து இலக்கம், பின்கோடு என்றால் ஆறு. '632 301' என்று நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவாங்க, அதையும் கணக்கில் எடுக்கணும்.

4. மிச்சத்துக்கு 'ஸ்ப்ளிட்'. பிரிப்பானாக கமாவும் இடைவெளியும் சேர்த்துக் கொடுத்தால், அது இரண்டையும் தனித்தனிப் பிரிப்பானாக எடுத்துக்கொண்டு 'பெரிய'வையும் 'தெரு'வையும் பிரித்துவிடும். காலியான இடத்தையும் விழுங்கிவிடும், அப்போ தெரு பெயர் காலத்துக்கு நகர்ந்துவிடும். மூன்றாவது, நான்காவது இடங்களில் 'ஃபால்ஸ்' கொடுத்தால் இரண்டும் நிற்கும்.

5. இனிஷியல் என்றால் புள்ளி வரை உள்ள அத்தனையும். எழுத்தை எண்ண வேண்டாம்.

6. 'கோ'வை சிலர் 'கே'வுடன் கால் சேர்த்தும் டைப் செய்திருப்பாங்க. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனா 'லென்' போட்டால் ஒன்று 2, மற்றது 3. ஒப்பிடும் முன் ஒரே வடிவுக்கு மாற்றிடுங்க.

கடைசியா ஒரு பழக்கம்: டூப்ளிகேட்டை நேரா நீக்காதீங்க. நிறம் போட்டுக் காட்டச் சொல்லுங்க. அந்தத் தெருவைத் தெரிஞ்சவர் ஒருத்தர் பார்த்து "ஆமா, ஒரே ஆளுதான்" என்று சொன்ன பிறகு நீக்கலாம். நண்பரின் லிஸ்ட் மறுபடி 214-க்கு வந்தது.