கிழக்கே நடைக் கோபுரத்தில் சூரியன் இறங்கும் மாலை

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நம் வீடுகளுக்கு வரும் உறவினர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது பத்மநாபசுவாமி கோயிலைத்தான். சங்குமுகம் கடற்கரையும் மிருகக்காட்சி சாலையும் அதற்கப்புறம்தான். இப்போது சில ஆண்டுகளாக இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. கைபேசியில் வந்த படத்தைக் காட்டி, "கோபுரத்துச் சன்னலுக்குள்ள சூரியன் வந்து உக்காருதாமே, அது என்னிக்கு? நாங்களும் அன்னிக்கே வந்துரலாம்லா?" என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தேதி மட்டும் தெரிந்தால் போதாது. எங்கே நிற்பது, எந்த நேரத்துக்கு நிற்பது, ஏன் அப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கோபுரத்தைப் பற்றி. கேரளக் கோயில்களில் சாய்வான கூரைதான் வழக்கம். வானளாவிய கோபுரம் கிடையாது. அனந்தபுரிக் கோயிலின் கிழக்கு வாயிலில் நிற்பதோ ஏழு நிலைகள் கொண்ட, ஏறத்தாழ நூறு அடி உயரமுள்ள, பாண்டிய நாட்டுப் பாணிக் கோபுரம். சுசீந்திரம் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நம்மவர்க்கு இது சொந்த ஊரின் ஒரு துண்டு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடிய மலைநாட்டுத் திருப்பதி அல்லவா இது! கோபுரத்துக்கு அடித்தளம் 1566-இல் இடப்பட்டதாகக் கோயில் வரலாறு கூறும். 1686-இல் கோயில் தீக்கிரையானது. பின்னர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது கோபுரமும் எழுந்தது. மேல்நிலைகள் அவருக்குப்பின் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில் முடிந்தன. கீழே வாயில் வழியாக நடக்கும் இடத்துக்கு நாடகசாலை என்று பெயர். பங்குனி, ஐப்பசித் திருவிழா நாட்களில் கதகளி நடந்த இடம் அது.

நிலைக்கு ஒன்றாக, கோபுரத்தின் நடுவில் சன்னல் போன்ற திறப்புகள் உண்டு. கிழக்கிலிருந்து பார்த்தால் மேற்கு வானம் அதன் வழியே தெரியும். ஆண்டில் இரண்டு முறை, மாலையில் இறங்கும் சூரியன் மேலிருந்து ஒவ்வொரு திறப்பாகத் தோன்றி மறைந்து கீழே வருகிறது. மக்கள் கூடி நின்று பார்ப்பது இதைத்தான்.

இது நிகழ்வதற்குக் கோபுரம் நேர் கிழக்கு மேற்காக நிற்பதே காரணம். சூரியன் தினமும் நேர் மேற்கில் மறைவதில்லை. தை மாதத்தில் தெற்கே சாய்ந்தும் ஆனி மாதத்தில் வடக்கே சாய்ந்தும் மறைகிறது. பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்களில் மட்டுமே நேர் மேற்கு. அவை மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23.

இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். என் மைத்துனர் குடும்பத்தோடு சித்திரை விசு அன்று வந்து இறங்கினார். "விசுன்னா சமராத்திரிதானே? பஞ்சாங்கத்துலயே இருக்கே" என்றார். அவர் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. விஷுவம் என்ற வடசொல்லுக்குச் சமநாள் என்பதே பொருள். சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் ஒரு காலத்தில் சமநாட்களையொட்டியே அமைந்தவை. ஆனால் பூமியின் அச்சு பம்பரத்தின் தலை போல மெல்லச் சுழல்கிறது. அதனால் விண்மீன்களை வைத்துக் கணிக்கும் நம் மேஷ சங்கராந்தி, உண்மையான சமநாளிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகிறது. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போட்டிருப்பது இந்த விலக்கத்தைத்தான். இன்று அது சுமார் 24 பாகை. ஆகவே ஏப்ரல் 14-இல் விசு வரும்போது சூரியன் நேர் மேற்கைத் தாண்டி ஒன்பது பாகைக்கு மேல் வடக்கே போயிருக்கும். அன்றைக்குக் கோபுரத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் சூரியன் வலப்பக்கமாக இறங்கிப் போய்விடும். கணி கண்டு கைநீட்டம் வாங்குவதற்கு விசு. கோபுரச் சூரியனுக்கு மார்ச் மூன்றாம் வாரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பயணச்சீட்டு எடுக்கணும்.

ஒரே ஒரு நாள்தானா என்றால், அப்படியும் இல்லை. சமநாளையொட்டிச் சூரியன் மறையும் இடம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 பாகை நகர்கிறது. சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகைதான். அதாவது ஒரு நாளில் தன் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. முன்னும் பின்னும் ஓரிரு நாட்கள் பார்க்க முடிவது இதனால்தான். ஒரு நாள் தள்ளிப்போனால் நாம் நிற்கும் இடத்தை மாற்றி ஈடு செய்யலாம். கோபுரத்திலிருந்து இருநூறு மீட்டர் தூரத்தில் நிற்பவர் நாளுக்கு நான்கைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். மார்ச்சில் சமநாளுக்கு முன்பு வலப்பக்கம், அதாவது வடக்கே. பின்பு இடப்பக்கம். செப்டம்பரில் இது தலைகீழ்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் படிக்கட்டை ஒட்டிப் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அது சரிப்படாது. கோபுரத்துக்குக் கனம் உண்டு. அதனால் முன்புறத் திறப்பையும் பின்புறத் திறப்பையும் ஒரே நேர்க்கோட்டில் காண வேண்டுமானால் பார்வை கூடியவரை கிடைமட்டமாக இருக்கணும். அருகில் நின்றால் உள்ளே கூரையில் பட்ட வெளிச்சம் தெரியுமே தவிரச் சூரியன் தெரியாது. ஆகவே கிழக்கே கோட்டை வாசல் பக்கமாகத் தெருவில் பின்வாங்கி நிற்க வேண்டும். இருநூறு மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் நூறடிக் கோபுரத்தின் உச்சி எட்டரைப் பாகை உயரத்தில் தெரியும். சூரியன் ஒரு பாகை இறங்க நான்கு நிமிடம். கணக்குப் பார்த்தால் உச்சியிலிருந்து அடிவரை சுமார் முப்பத்தைந்து நிமிடம்; ஒரு நிலைக்குச் சராசரி ஐந்து நிமிடம். அவசரப்படத் தேவையில்லை, குழந்தைகளையும் தூக்கிக் காட்டலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. எனவே சூரியன் இங்கே செங்குத்தாக இறங்குவதில்லை. இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து இறங்குகிறது. மேல் நிலையில் சூரியனைக் காண விரும்புபவர் தெருவின் நடுக்கோட்டிலிருந்து பதினைந்து அடி வலப்பக்கம் நின்று தொடங்க வேண்டும். பின்பு சூரியன் இறங்க இறங்க மெல்ல நடுவுக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றிக்கொண்டு ஏழு நிலையையும் படம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று நிலைதான் சரியாகக் கிடைக்கும். கீழ் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் அடிவானத்து மங்கல் மறைத்துவிடும்.

நேரம் மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் ஒன்றல்ல. சூரியன் மறைவது மார்ச்சில் ஏறத்தாழ 6.30 மணிக்கு, செப்டம்பரில் 6.15-ஐ ஒட்டி. முக்கால் மணி நேரம் முன்னதாகவே இடம் பிடித்துவிட வேண்டும். எனக்குக் கேட்டால் மார்ச்தான் நல்லது என்பேன். செப்டம்பரில் மழைக்காலம் முற்றாக விலகியிருக்காது. மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் வந்ததும் வீண். மார்ச்சிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. ஆற்றுகால் பொங்காலை சில ஆண்டுகளில் மார்ச்சில் வரும். அந்த நாட்களில் கோட்டைப் பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. பங்குனித் திருவிழாவும் சில ஆண்டுகளில் இதே வாரத்தை ஒட்டி வருவதுண்டு. அப்போது கிழக்கு வாயிலின் முன் பாண்டவர்களின் பெரிய உருவங்களை நிறுத்துவார்கள். தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இது முன்னோர் வேண்டுமென்றே செய்த அற்புதமா என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கிறோம். நேர் கிழக்கு மேற்காக, ஊடுதிறப்போடு கட்டிய எந்த உயரமான கட்டடமும் சமநாளில் இதைச் செய்யும். மெக்சிக்கோவின் சிச்சென் இட்சாவில் சமநாளையொட்டிப் படிக்கட்டில் பாம்பு போல நிழல் ஊர்வதும், நியூயார்க் மன்ஹாட்டன் தெருக்களின் நேரே சூரியன் மறைவதும் இதைப் போன்றவையே. மன்ஹாட்டன் தெருக்கள் திசைக்குச் சாய்வாக அமைந்ததால் அங்கே அந்த நாள் மே இறுதியிலும் ஜூலையிலும் வருகிறது, அவ்வளவுதான். நான் வியப்பது வேறொன்றை. காந்தமுள்ளைக் கொண்டு இந்தத் திசையைப் பிடிக்க முடியாது. முள் காட்டும் வடக்கு, உண்மை வடக்கு அல்ல. நம் சிற்பிகள் சங்கு நட்டுத் திசை கண்டார்கள். சமதரையில் ஒரு முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைவார்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும், மாலையில் வெளியேறும் புள்ளியையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. மொட்டைமாடியில் பிள்ளைகளோடு ஒரு விடுமுறை நாளில் செய்து பாருங்கள். சமநாளன்று செய்தால் நிழல் நுனி நாள் முழுதும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டிலேயே நகர்வதையும் காணலாம். இப்படி ஒரு முளையால் பிடித்த கோட்டை, பல தலைமுறைக் கட்டுமானத்தில், ஏழாவது நிலைவரை பிசகாமல் கொண்டுபோனார்களே, அந்தக் கைத்திறனைத்தான் மாலைச் சூரியன் நமக்குக் காட்டுகிறது.

கோயிலுக்குள் போகணும் என்றால் ஏற்பாடு வேறு. ஆண்கள் மேலாடை இல்லாமல் வேட்டி, பெண்கள் சேலை அல்லது பாவாடை தாவணி. சுரிதாரின் மேல் வேட்டி சுற்றிக்கொண்டு செல்லும் வழக்கம் உண்டு. 2016-இல் சுரிதாரை அப்படியே அனுமதித்த உத்தரவைச் சில நாட்களிலேயே உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். நடை நாள் முழுதும் திறந்திருப்பதில்லை, இடையிடையே அடைப்பார்கள். சூரியன் இறங்கும் நேரமும் மாலைத் தரிசன நேரமும் ஒன்றோடொன்று மோதும். இரண்டும் ஒரே மாலையில் வேண்டும் என்று பேராசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகும். தரிசனத்தைக் காலையில் முடித்துக்கொண்டு, மதியம் புத்தன் மாளிகையில் சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனையையும் கூரையடியில் வரிசையாய்ச் செதுக்கிய 122 மரக் குதிரைகளையும் பார்த்து, மாலையில் தெருவுக்கு வருவதே என் யோசனை. பக்கத்திலேயே மேத்தன் மணி இருக்கிறது. தாடிக்காரர் வாய் திறக்க, இரண்டு ஆடுகள் அவர் கன்னத்தில் முட்டும் அந்தக் கடிகாரத்தைக் குழந்தைகள் விடமாட்டார்கள்.

தெருவில் நிற்பதற்கு உடை விதி இல்லை, மத விதியும் இல்லை. உள்ளே இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. அவர்களிலும் எல்லாச் சாதியாருக்கும் வாயில் திறந்தது 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் எத்தனையோ தலைமுறையினர்க்குக் கோபுரமே தெய்வமாக நின்றது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற பழமொழியை அவர்கள் எந்த மனத்தோடு சொல்லியிருப்பார்கள் என்று அந்தத் தெருவில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இன்றும் மூட்டுவலியால் படி ஏற முடியாத பெரியவர்களையும், உங்களோடு வரும் பிற மத நண்பர்களையும் தயங்காமல் அழைத்து வரலாம். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்தால் பெரியவர்களுக்கு உதவும்.

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே கோட்டை ஒரு கிலோமீட்டர் அளவே, ஆட்டோ உண்டு. சொந்தக் காரை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. சாலைக் கடைத்தெருவின் நெரிசல் நமக்குத் தெரிந்ததுதானே. கடைசியாகக் கண் விஷயம். மேல் நிலைகளில் இருக்கும்போது சூரியன் இன்னும் கூசும் ஒளியோடுதான் இருக்கும். வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது, தொலைநோக்கியால் பார்க்கவே கூடாது. கைபேசித் திரையில் பார்ப்பது பத்திரம். பேரப்பிள்ளைகளிடம் இதை முதல்லயே சொல்லி வையுங்கள். சூரியன் வந்தபிறகு சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?