விட்டுப் பிடிக்கும் ரீல்

வராக நதியில் தண்ணீர் ஓடும் நாட்களில் ஜெயமங்கலத்துப் பையன்கள் தூண்டில் போடுவதற்கு ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, நாலு மண்புழு போதும். ரீல் கிடையாது, தேவையும் இல்லை. கொத்துவது ஜிலேபிக் கெண்டையோ கெளுத்தியோதான். அரைக் கிலோ மீன் எவ்வளவு துள்ளினாலும் நரம்பை அறுக்க அதனால் ஆகாது. வெடுக்கென்று சுண்டினால் கரையில் வந்து விழும்.

லட்சத்தீவில் சூரை பிடிப்பவர்கள் கடலிலேயே இந்தக் கணக்கை வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். உயிருள்ள சிறுமீன்களை வீசி, தண்ணீரை வாரி இறைத்து, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைப்பார்கள். பிறகு ரீல் இல்லாத கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிவார்கள். முள்ளில் எதிர்முனை இல்லாததால் மீன் தானே கழன்று தளத்தில் விழும். சில கிலோ எடை கொண்ட மீன் என்பதால் இது நடக்கிறது.

அந்தமானில் பவளப்பாறை ஓரம் நிற்கும் முப்பது கிலோ பாரையிடமும், ஆழ்கடலில் திரியும் மஞ்சள் துடுப்புச் சூரையிடமும், மயில்மீனிடமும் இந்த வித்தை பலிக்காது. அவை ஓடத் தொடங்கினால் பிடித்து நிறுத்த முடியாது. நிறுத்தப் பார்த்தால் நரம்பு அறும், இல்லை கம்பு முறியும். அப்படியானால் ஓட விட வேண்டும். ஆனால் சும்மா ஓட விட்டால் மீன் களைப்பதில்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் அது உழைத்தாக வேண்டும். அந்த உழைப்பை வாங்குவதற்கு ரீலுக்குள் இருக்கும் பிரேக்குக்கு டிராக் என்று பெயர். நரம்பு சுற்றிய உருளையை அழுத்திப் பிடிக்கும் சில வட்டத் தகடுகள்தான் அது. இழுவை ஓர் அளவைத் தாண்டினால் தகடுகள் வழுக்கும், நரம்பு வெளியே போகும்; இழுவை குறைந்தால் வழுக்கல் நிற்கும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை கைப்பிடி உருளையோடு சேர்ந்தே சுற்றியது. மீன் ஓடினால் கைப்பிடி தலைகீழாகச் சுழன்று விரல்களை நொறுக்கும்; ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்துவதுதான் பிரேக். 1913இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே வில்லியம் பாஷன் என்பவர் உள்ளே டிராக் வைத்த ரீலைக் கொண்டு 355 பவுண்டு, அதாவது 161 கிலோ வாள்மீனைப் பிடித்தார். அந்த இனம் கம்பிலும் ரீலிலும் சிக்கியது அதுவே முதல் முறை. நாற்பது ஆண்டு கழித்து, 1953இல், பெரு நாட்டுக் கடலில் ஆல்ஃப்ரெட் கிளாசெல் 1,560 பவுண்டு கருப்பு மார்லினைக் கரை சேர்த்தார். எழுநூறு கிலோவுக்கு மேல். தனி மனிதர் ஒருவர் அதைச் செய்ய முடிந்ததென்றால் பெருமை பாதி அந்தத் தகடுகளுக்கு.

தகடுகள் படும் பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து கிலோ இழுவையில் மீன் முந்நூறு மீட்டர் ஓடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 30,000 ஜூல். ஒரு சின்ன டம்ளர் தண்ணீரைக் கொதிநிலை வரை சூடாக்க அது போதும். அத்தனையும் ஒரு கைப்பிடி உலோகத்துக்குள் வெப்பமாகிறது. பழைய தோல் தகடுகள் இதில் கருகின. இன்று கார்பன் இழைத் தகடு. அது வெப்பத்தைத் தாங்குவதோடு திக்காமல் சீராகவும் வழுக்குகிறது. நின்ற நிலையிலிருந்து உருளை நகரத் தொடங்கும் நொடியில் உராய்வு சற்றே கூடுதல். மட்டமான டிராக் அந்த நொடியில் வெட்டி இழுக்கும். பெரும்பாலான நரம்புகள் அங்கேதான் அறுகின்றன என்பது என் எண்ணம்.

இன்னொரு விந்தை உருளையின் விட்டத்தில் இருக்கிறது. டிராக் தருவது சுழற்சிக்கான தடை. நரம்பில் அது எவ்வளவு இழுவையாக மாறும் என்பது, நரம்பு மையத்திலிருந்து எத்தனை தொலைவில் சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உருளை நிறைந்திருக்கையில் பத்து கிலோ என்று வைத்தோம். மீன் ஓட ஓட நரம்பு தீர்ந்து, சுற்றின் ஆரம் பாதியானால், டிராக்கை இறுக்கும் திருகைத் தொடாமலே இழுவை இருபது கிலோ ஆகிவிடும். போதாததற்கு நீரில் நீண்டு கிடக்கும் நரம்பின் தடை வேறு. கைதேர்ந்தவர்கள் மீன் தூரம் போகப் போக டிராக்கைத் தளர்த்துவது இதனால்தான். பெரிய ரீல் வாங்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே: நூறு மீட்டர் போனாலும் அதில் ஆரம் அதிகம் குறையாது.

நம் கட்டுமரக்காரருக்கு ரீல் இல்லை. கைநரம்பில் பெரிய மீன் மாட்டினால் அது மரத்தையே இழுத்துக்கொண்டு போகும். கடல்நீரின் தடைதான் டிராக். ஹெமிங்வேயின் நாவலில் பெரிய மீனோடு போராடும் கிழவனுக்குத் தன் முதுகே டிராக்.

இனி கம்பு. கடைக்குப் போகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான், நீளமான கம்புக்குத்தான் ஆசையும். கம்பு ஒரு நெம்புகோல்; நெம்புவது மீன், நெம்பப்படுவது நாம். வயிற்றுப் பட்டையில் அடி ஊன்றிய இரண்டு மீட்டர் கம்பு வளையாமல் நிற்பதாகக் கொள்ளுங்கள். நரம்பு கம்புக்குச் செங்குத்தாகப் பத்து கிலோ இழுக்கிறது, நம் கை அடியிலிருந்து அறுபது செண்டிமீட்டரில் பிடித்திருக்கிறது என்றால், கை தாங்குவது முப்பத்துமூன்று கிலோ! கம்பு வளையும்போது நெம்புகோலின் நீளம் குறைகிறது. வளைவு நமக்குச் செய்யும் உபகாரம் அது. படகில் நின்று சூரையோடு மல்லுக்கட்டுபவர்கள் ஐந்தரை, ஆறு அடிக் குட்டைக் கம்பு வைத்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும். பாரைக்கு மட்டும் விலக்கு. போலி இரையை எட்ட வீச வேண்டும் என்பதால் எட்டடி வரை போகிறார்கள், இடுப்புவலியையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

நரம்பில் இரண்டு சாதி. நைலான் நன்றாக நீளும், திடீர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் நீரை உறிஞ்சிச் சற்றுப் பலமிழக்கும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு நைலானைவிட மெல்லியது, அநேகமாக நீளாது, அதே ரீலில் பல மடங்கு நீளம் சுற்றலாம். பவளப்பாறையில் உரசினால் மட்டும் நொடியில் அறும். அதனால் நுனியில் சில மீட்டர் தடித்த நைலானை முடிந்துகொள்கிறார்கள்.

ஆகவே வாங்கும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த மீன் என்று முடிவு செய்து, அதற்கான நரம்பு முதலில். 80 பவுண்டு நரம்பு என்றால் அது அறும் எடை சுமார் 36 கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு டிராக். அதாவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோ. அந்த இழுவையைச் சீராகத் தரும் ரீல் அடுத்தது. அதைத் தாங்கும் கம்பு கடைசியில். பணம் பற்றாவிட்டால் கம்பில் சிக்கனம் பிடிக்கலாம், ரீலில் கூடாது. டிராக்கைக் கை மதிப்பில் வைக்காமல் நரம்பு நுனியை ஒரு கொக்கித் தராசில் மாட்டி இழுத்து அளந்து வையுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டித் தூண்டில் போட எண்ண வேண்டாம். அங்கே மீன்பிடிக்கத் தடை உண்டு. கடலிலிருந்து வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள். இறுக்கியே வைத்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.